குதிரைக்காரனை விட்டுவிட்டுக் குச்சிப் பையனை எடுத்தவள்

எனக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்காதீர்கள். எதைக் கண்டால் பயமில்லை என்று கேட்டால் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுவேன். பாம்பைக் கண்டால் பயமில்லை. வடக்குப்பட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது பழகின ஜந்து. மற்றபடி லிப்ட், மைக், பேங்க் மேனேஜர், தெரியாத நம்பர், தெரிந்த நம்பரிலிருந்து வேளை கெட்ட வேளையில் வரும் போன், எல்லாவற்றுக்கும் பயம்தான். அஞ்சாம் கிளாஸில் வாத்தியார் பாட்டுச் சொல்லச் சொல்லி எழுப்பிவிட்டார். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. (வூட்ல கஷ்டம், அதான் நிறுத்திட்டாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன். கஷ்டமும் இருந்துது. ஆனா நெசமான காரணம் அந்தப் பாட்டுதான்.)

இப்படிப்பட்டவளை நம்பி ஒரு பொண்ணு ஒரு படையையே ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அந்தப் படை என்ன ஆனது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போன பிறகு, மிச்சமிருந்த மனையில் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். இருக்கிறவர்கள் எல்லாம் தெற்கே இருந்து வேலைக்கு வந்த பொண்ணுங்கள். அதில் இசக்கி என்றொருத்தி, நாங்குநேரிப் பக்கம். என்னை ‘ஆச்சி’ என்பாள். செல்போன் தயாரிக்கிற கம்பெனியில், பாகம் பூட்டுகிற லைனில் வேலை. போன் தயாரிக்கிற கம்பெனிக்குள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாதாம். (ஸ்வீட் கடைக்காரன் வேலையாளுங்க வாயைக் கட்டிப் போடற மாதிரி.) அதனால் காலையில் கம்பெனி பஸ் ஏறும் முன்னால் போனை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

வேலை முடிந்து வந்தால் அதே போனில் ஒரு சண்டை விளையாட்டு விளையாடுவாள். தரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். முதலில் நம் ஆட்களை ஒவ்வொருத்தராக நகர்த்த வேண்டும். அப்புறம் எதிராளிகள் நகர்வார்கள். அது ஒரு சுற்று. சுடுவது, கத்துவது எதுவும் இல்லாததால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் அதிலும் ஒரு பயங்கரம் இருந்தது. செத்தவன் செத்தவன்தான். அடுத்த சண்டைக்குத் திரும்பி வரமாட்டான். முதல் தடவை ஒரு வில்லுக்காரன் செத்தபோது, அன்றைக்கு நான் ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை.

ஆட்டம் முழுக்க இங்கிலீஷ். அதனால் ஆட்களுக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். குதிரைக்காரன், இரும்புச் சட்டைக்காரர், வைத்தியப் பொண்ணு, பறக்கிற குதிரையில் போகும் பறக்குற பொண்ணு, வெள்ளை மீசைப் பெரியவர், கையில் வெறும் குச்சியோடு வரும் ஒரு ஒல்லிப் பையன்.

இசக்கி எனக்குப் பாடம் எடுப்பாள்.

“ஆச்சி, இதுல யாரு பலசாலின்னு பாக்கக் கூடாது. யாரு பிரயோசனம்னு பாக்கணும்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“எப்படி ஒண்ணாவும்? மூணாம் ரூம் ரேவதி எவ்ளோ பலசாலி! ஒரு நாளாவது ஒரு குடம் தண்ணி தூக்கியிருக்காளா?”

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குதிரைக்காரன்தான் முதல் ஆள் என்றாள். அடிப்பதில் பெரிய சூரன் இல்லையாம். ஆனால் எங்கே வேலையோ அங்கே முதலில் போய் நிற்பானாம். வேலையிடத்துக்குப் போய்ச் சேராதவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்து என்ன என்று கேட்டாள்.

“இந்தக் குச்சிப் பையன் இருக்கானே, இவன் கடைசில பெரிய வீரனாயிருவான் ஆச்சி. ஆனா இவனை ஆளாக்கணும்னா மத்தவன் எல்லாம் எதிராளியை அடிச்சு அடிச்சுக் குத்துயிரா ஆக்கி, கடைசி அடியை இவன் கையில குடுக்கணும். இவன் ஆளாகுததுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிரும்.”

“பாவம்டி, ஒல்லியா கீறான்.”

“பாவம் பாத்தா செயிக்க முடியாது. இந்தப் பெரியவரைப் பாருங்க. இனிமே வளரமாட்டாரு. ஆனா மொதல் நாளே முழுசா வளந்து வாராரு. பாதிப் பயலுவ ‘கிழவனுக்கு எதுக்குச் சண்டை’ன்னு இவரைச் சும்மா உக்கார வச்சிருவானுவ. மடையனுவ! குதிரைக்காரனுக்கு அடுத்து இவருதான்.”

எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டினேன். தலையாட்டுவது என்னிடமுள்ள பெரிய கெட்ட பழக்கம்.

அந்த வருஷம் சித்திரையில் இசக்கி ஊரில் அம்மன் கோவில் கொடை. கொடை என்றால் அவர்கள் ஊர்த் திருவிழா. அதற்கு முந்தின வருஷம் லீவு கிடைக்காமல் போய், ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போனில் மேளச் சத்தத்தைக் கேட்டு அழுதவள் அவள். இந்தத் தடவை போயே தீருவது என்று பையைக்கூட எடுத்துத் தூசி தட்டி வைத்துவிட்டாள். ஆனால் அதே வாரம் அவள் லைனில் கார்த்தி என்ற பரமக்குடிப் பையனும் லீவு கேட்டிருந்தான். அவனுக்குக் கூட்டாளி கல்யாணம். இருவருக்கும் வேறு வேறு ஷிப்ட். ஆனால் மாற்றாக நிற்க ஒரே ஒரு ஆள்தான். சூப்பர்வைசர், “உங்களுக்குள்ள பேசி ஒரு பேரைச் சொல்லுங்க, சனிக்கிழமை காலைல எனக்குத் தெரியணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கார்த்தியும் அதே விளையாட்டு ஆடுகிறவன். ஆகவே ஆட்டத்திலேயே முடிவு செய்துகொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஆட்களை மாற்றி மாற்றி ஆளுக்கொருத்தராக எடுக்க வேண்டும். ஒருத்தர் எடுத்த ஆளை மற்றவர் தொடக் கூடாது. பிறகு அவரவர் ஆட்களை மட்டும் வைத்து அவரவர் போனில் விளையாடி, யார் குறைந்த சுற்றில் முடிக்கிறார்களோ அவர்களுக்கு லீவு. சீட்டுப் போட்டதில் முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு இசக்கிக்கு விழுந்தது. குதிரைக்காரன் கிடைத்த மாதிரியே குதித்தாள்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், கார்த்திக்கு நேரம் ஒழிவது வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு. அந்நேரம் இசக்கி லைனில் நிற்பாள்.

“எனக்குப் பதிலா எங்க ஆச்சி எடுப்பாவ,” என்று கார்த்தியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

“ஐயோ, நானா? நான் மாட்டேன்டி! வேற யார்கிட்டயாவது குடு.”

“மத்தவளுவ எல்லாம் என் ஷிப்ட்தானே ஆச்சி. போன்ல பச்சையா இருக்குற மைக்கை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆள் பேரைச் சொல்லுங்க. கைய எடுத்தா அவனுக்குப் போயிரும். அவ்ளோதான். மொதல்ல குதிரைக்காரன். அடுத்தது பெரியவரு. அப்புறம் பறக்குற பொண்ணு. அரை மணி நேரத்துல சொல்லலன்னா அவன் எடுத்துருவான், அது ஒண்ணை மட்டும் மறந்துராதிய.”

தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே எழுந்துவிட்டேன். குளித்து, விளக்கேற்றி, போனைச் சாமி படத்துக்கு முன்னால் பலகை போட்டு வைத்தேன். குதிரைக்காரன், பெரியவர், பறக்குற பொண்ணு என்று முணுமுணுத்தபடியே சாம்பாரில் ரெண்டு தடவை உப்புப் போட்டேன். சரியாகப் பத்தரைக்குப் போன் ‘டிங்’ என்றது. அமுக்கினேன். ஒரு பையன் குரல்.

“அப்பத்தா, வணக்கம். கார்த்தி பேசுறேன். நீங்கதான் மொத ஆளு, சொல்லுங்க.”

குதிரைக்காரன் என்று சொல்ல வாயைத் திறந்தவள், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துத் தொலைத்தேன். வெள்ளிக்கிழமை. ராகு காலம், பத்தரை முதல் பன்னிரண்டு.

அந்தப் பொண்ணு ஊருக்குப் போகிற காரியம். அதுவும் அம்மன் காரியம். ராகு காலத்தில் போய் முதல் ஆளை எடுப்பதா? எடுத்து, அந்தக் குதிரைக்காரனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? (அவன் போனுக்குள்ள இருக்கிறவன், அவனுக்கு இன்னா ராகு, இன்னா கேதுன்னு இப்போ கேக்கத் தோணுது. அப்போ தோணலையே.) பன்னிரண்டு வரைக்கும் பொறுக்கும்படி கார்த்தியிடம் கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். கேட்பதென்றால் பேச வேண்டும். முன்பின் தெரியாத ஆம்பளைப் பிள்ளையிடம் என்னவென்று ஆரம்பிப்பது? ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லிப் பார்க்கும்போது விரல் அந்தப் பச்சை மைக்கின்மேல் ஊன்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

“வணக்கம் தம்பி. சே, தம்பின்னா கோவிச்சிக்குவானா? வணக்கம் சார். இன்னா சாரு, பையன்தானே அவன். எப்பா கார்த்தி, ராகு காலம் கீதுப்பா, பன்னெண்டு மணிக்கு மேல சொல்லட்டுமா? ஐயோ, இது கெஞ்சற மாதிரி கீதே. தாயே, என் வாய்ல நல்ல வார்த்தைய வரவழைச்சுக் குடும்மா...”

இந்த நேரத்தில் வாசலில் தண்ணி கேன்காரர் வந்து, “ஆயா, எத்தினி கேன்?” என்று கத்த, நான் “இரு நாயனா, இங்க உசுரு போய்க்கினு இருக்கு!” என்று கத்தினேன். அவர் நெஞ்சு வலி என்று நினைத்துக் கேனைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். அவருக்கு எடுத்துச் சொல்லி அனுப்புவதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. எப்போது விரலை எடுத்தேனோ, அத்தனையும் அப்படியே போய்விட்டிருக்கிறது.

பதில் வந்தபோது கார்த்தி குரலுக்குப் பின்னால் ஒரு ரூமே உருண்டு சிரிப்பது கேட்டது.

“அப்பத்தா, எல்லாரும் சேந்து கேட்டோம். அரை மணி முடிஞ்சு போச்சு, குதிரைக்காரன் எனக்கு. ராகு காலம் எனக்குந்தானே, நான் பாத்துக்கிறேன். அடுத்த ஆளைச் சொல்லுங்க.”

முதல் ஆள் போயே போய்விட்டான். இனியும் பன்னிரண்டு வரைக்கும் காத்திருந்தால் படை மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடுவான். ஆக, ராகு காலம் பார்த்துக் குதிரையையும் விட்டு, கடைசியில் ராகு காலத்திலேயே மீதி ஆட்களையும் எடுத்த ஒரே ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்தது பெரியவர். இசக்கி படித்துப் படித்துச் சொன்ன ஆள். கார்த்தி போனில் அனுப்பியிருந்த ஆட்களின் படத்தைப் பார்த்தேன். வெள்ளை மீசை, கண்ணுக்குக் கீழே பை. என் வயசுதான் இருக்கும். எனக்கே படி ஏறினால் முட்டி கிறீச்சென்கிறது. இந்த மனுஷனுக்கு ஈட்டியைக் கொடுத்து முன்னால் தள்ளுவதா? நாளைக்கு அவர் செத்துக் கித்துப் போனால் அந்தப் பாவம் யாருக்கு? அவருக்குப் பக்கத்துப் படத்தில் குச்சிப் பையன் நின்றான். ஒரு பையும் செருப்பும் கொடுத்துவிட்டால், பக்கத்து ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் வேலை கேட்டு வந்து இறங்கும் பிள்ளைகளில் ஒருத்தன்தான். சாப்பிட்டிருப்பானோ மாட்டானோ.

“குச்சி வச்சிருக்கிற பையன்,” என்றேன்.

“அப்பத்தா, நெசமாத்தான் சொல்றீங்களா?” அந்தப் பையனுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. “இன்னொரு தடவை யோசிச்சுக்கங்க.”

யாராவது ‘யோசி’ என்றால் எனக்கு இன்னும் பயம் கூடிவிடும். “அவன்தாம்பா,” என்று சொல்லிவிட்டேன்.

பெரியவர் அங்கே போனார். அடுத்தது பறக்குற பொண்ணு. அவள்மேல் ஒரு அம்பு பட்டால் போதும், கீழே விழுந்துவிடுவாள் என்று இசக்கி ஒருமுறை சொல்லியிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. அவள் மற்றபடி சொன்ன எதுவும் ஞாபகம் வரவில்லை. யாரோ பெத்த பொண்ணு, அதுவும் அந்தரத்தில். இரும்புச் சட்டைக்காரரை எடுத்தேன். தலையிலிருந்து கால்வரைக்கும் எவர்சில்வர் டிபன்பாக்ஸ் மாதிரி மூடியிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகாது. அதற்கப்புறம் வைத்தியப் பொண்ணு. மொத்தத்தில் சண்டைக்கு ஆள் எடுக்காமல், ரூமுக்கு வாடகைக்கு ஆள் எடுத்திருக்கிறேன். சாது, அடக்கம், வம்புக்குப் போகாதது.

எல்லாம் முடிந்த பிறகுதான் பயம் முழுசாக வந்தது. இசக்கி பஸ் மூணு மணிவாக்கில் வரும். போனை அரிசி டிரம்முக்குள் வைத்தேன். டிரம்முக்குள் இருந்து ‘டிங்’ என்றது. எடுத்து, துணி சுற்றிப் பீரோவில் வைத்தேன். காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டேன். சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தியதில் நெசமாகவே உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. கம்பெனி பஸ் திரும்பும் சத்தம், கேட் சத்தம், செருப்புச் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

“ஆச்சி! குதிரைக்காரன் நமக்குத்தானே?”

நான் கம்பளிக்குள்ளேயே இருந்தேன்.

“ஆச்சி, போன் எங்க?”

கையை மட்டும் வெளியே நீட்டிப் பீரோவைக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்பது என் காதில் விழுந்தது. என் குரல், தாயே, தண்ணி கேன், உசுரு, எல்லாம். கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“ஏன் ஆச்சி,” என்றாள் மெதுவாக. “உங்களுக்கும் அந்தப் பெரியவருக்கும் ஒரே வயசு. மத்தப் பயலுவ அவரைப் பிரயோசனம் இல்லன்னு ஒதுக்கலாம். நீங்களே ஒதுக்கலாமா?”

நான் கம்பளியை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் விளையாட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் தாலிச் சரடு இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். இரும்புச் சட்டைக்காரர் ஒவ்வொரு சண்டையிலும், சண்டை முடிந்த பிறகு வந்து சேர்ந்தார். (கம்பெனி பஸ்ஸ விட்டுட்டு நடந்து வந்தவரு மாதிரி.) வைத்தியப் பொண்ணு யாருக்கும் அடிபடாததால் சும்மா நின்றாள். அடிபட வேண்டுமானால் முதலில் யாராவது சண்டைக்கு முன்னால் போக வேண்டுமே. குச்சிப் பையனை ஆளாக்க இசக்கி படாத பாடு பட்டாள். எதிராளிகளைப் பிடித்து வைத்து, ஊட்டிவிடாத குறையாக அடிக்க வைத்தாள். கடைசிச் சண்டையில் அவன் குச்சியைப் போட்டுவிட்டு, பெரிய கத்தியோடு பளபளவென்று நின்றான்.

“பாத்தியா, ஆளாயிட்டான்!” என்று நான் கையைத் தட்டினேன்.

“ஆட்டம் முடிஞ்சிட்டு ஆச்சி,” என்றாள் இசக்கி.

மறுநாள் காலையில் கார்த்தியின் கணக்கு வந்தது. கிட்டத்தட்டப் பாதிச் சுற்றில் முடித்திருந்தான். பெரியவர் ஒருத்தரே பாதிப்பேரைச் சாய்த்தாராம். சூப்பர்வைசரிடம் கார்த்தி பெயரை இசக்கிதான் சொன்னாள். வந்து, தூசி தட்டி வைத்த பையைத் திரும்பப் பரணில் போட்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

கொடை அன்றைக்கு அவளுக்கு இரண்டு ஷிப்ட். நான் பாயசம் வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தேன். வாங்கிக் குடித்தாள். “இனிப்பு பத்தல ஆச்சி,” என்றாள். நான் நன்றாக இருந்த சர்க்கரையைத் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வாசலில் ஆட்டோ நின்றது. கட்டைப் பையோடு ஒரு அம்மா இறங்கினார். நடையைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது, இசக்கியின் அம்மா. நான் மோட்டார் ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

“எங்கட்டி அந்த ஆச்சி?” வெளியே குரல் இடித்தது. “எங்க ஒளிச்சு வச்சிருக்க?”

“அம்மா, மெதுவா பேசு. அவிய பயப்படுவாவ.”

“பயப்படட்டும்! கொடைக்கு உன்னை ஏன் வரச் சொன்னேன் தெரியுமா? சாமி கும்பிடவா? மாப்பிள வீட்டு ஆளுவளக் கொடைக்கு வரச் சொல்லியிருந்தேன், ஒன்னைப் பாக்க! முன்னாடியே சொன்னா வரமாட்டன்னு சொல்லல. பந்தல்ல உக்காந்து சாப்புட்டு முடிச்சு, பொண்ணு எங்கன்னு கேட்டாவ. லீவு இல்லன்னேன். ஏன் இல்லன்னு கேட்டாவ. என்னன்னு சொல்லுவேன்? ஒரு ஆச்சி குதிரைக்காரனை விட்டுட்டுக் குச்சிப் பயலை எடுத்துட்டாவன்னு சொல்லவா? சொன்னேன்! சொல்லிட்டேன்! எந்திரிச்சுப் போயிட்டாவ! அதே பந்தல்ல வேற பொண்ணைப் பேசி முடிச்சிட்டாவ!”

ஒரு பொண்ணின் லீவைக் கெடுத்தேன் என்று நினைத்தால், கல்யாணத்தையே கெடுத்திருக்கிறேன்.

அப்போது கதவிடுக்கில் இசக்கியின் வாய் வந்து ஒட்டியது. சிரிப்பை அடக்க முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு, “ஆச்சி, கேக்குதா? அந்த மாப்பிளயை எனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியும். சரியான மூதேவி. குதிரைக்காரனாவது, பெரியவராவது! நீங்கதான் ஆச்சி எனக்கு மொத ஆளு,” என்றாள்.

“எவகிட்டட்டி பேசுத? கதவைத் தொற!” என்றது பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

ஒரே கதவுக்குப் பின்னால் நின்ற ஒரே கிழவிதான் நான். மகளுக்கு இருப்பதிலேயே பிரயோசனமானவள். அம்மாவுக்கு ஒன்றுக்கும் ஆகாதவள். யார் ஆட்டம் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் போலிருக்கிறது.

இந்தக் கதை இசக்கியோடு நிற்கவில்லை. வரிசை வீடு முழுக்கப் பரவி, இப்போது எந்தப் பொண்ணுக்கு ஊரிலிருந்து மாப்பிள்ளை போட்டோ வந்தாலும், “ஆச்சிகிட்டக் குடு, அவங்க கை பட்டாத் தள்ளிப் போயிரும்” என்று போனைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். நான் பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது ஒன்றைத் தொடுகிறேன். இதுவரைக்கும் ஒரு வரனும் கூடிவரவில்லை. தெற்கே எத்தனை ஊரில் எத்தனை அம்மாக்கள் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது. வாசலில் கட்டைப் பையோடு யாராவது இறங்கினால், நானே எதிரே போய், “ஹவுஸ் ஓனர் ஊர்ல இல்லம்மா, எப்ப வருவாங்கன்னு தெரியல” என்று சொல்லிவிட்டு வருகிறேன்.